செக்கு வேப்பெண்ணெய் ஒரு லிட்டர்: எங்கள் எலுமிச்சைக்கு எதற்குக் கேட்டது, எதற்குக் கேட்கவில்லை

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்பது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 எலுமிச்சை ரகம். வைத்து ஆறு வருஷம் ஆகிறது. போன ஆடியில் தளிரெல்லாம் சுருண்டு, காய் சொறி பிடித்து, நுனி இலைகள் வெளிறிப்போய் நின்றது. அப்போதுதான் செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் ஒரு லிட்டர் 380 ரூபாய்க்கு வாங்கினேன்.

அதற்கு முன்னால் ஆன்லைனில் வரவழைத்த ஒரு பாட்டில் தண்ணீர் மாதிரி இருந்தது, நெடியே இல்லை. இது அப்படி இல்லை. மூடியைத் திறந்தால் பூண்டு வாடையும் கசப்பும் அடுப்படி வரை வரும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் நெய் போல உறைந்து கிடந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிஷம் வைத்தால் இளகிவிடும். குறை என்றால், அடியில் கசடு அதிகம். பழைய வேட்டித் துணியில் வடிகட்டாமல் ஊற்றி, தெளிப்பானின் மூக்கு இரண்டு முறை அடைத்துக்கொண்டது. ஆட்டிய தேதியும் பாட்டிலில் இல்லை.

முதல் தடவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து, காலை பதினொரு மணி வெயிலில் அடித்தேன். இளந்தளிர் ஓரமெல்லாம் கருகிவிட்டது. இப்போது லிட்டருக்கு 10 மில்லிதான், அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். காதி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, முதலில் எண்ணெயை அதோடு பால் நிறம் வரும்வரை அடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் தண்ணீர். எண்ணெய் தனியாக மேலே மிதந்தால் தெளித்துப் பயனில்லை.

இந்த எண்ணெய் நன்றாகக் கேட்பது இலைக்குள்ளேயே குடைந்து தின்னும் புழுவான இலைத்துளைப்பானுக்கு. இளம் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் வெள்ளி நூலால் கிறுக்கியது போலக் கோடு வளைந்து வளைந்து போகும். நடுவில் மெல்லிய கரும்புள்ளி வரிசை, அது எச்சம். கோடு முடியும் இடத்தில் இலைத் தோலுக்கு அடியிலேயே புழு கிடக்கும், கண்ணாடி மாதிரி, எறும்பு முட்டையைவிடக் கொஞ்சம் நீளமாக. கோடு விழுந்த இலை திரும்பச் சரியாகாது. அதனால் தளிர் விரல்நுனி அளவு இருக்கும்போதே தொடங்கி, பத்து நாளுக்கு ஒரு தடவை என மூன்று தடவை அடிக்கிறேன். தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் இதே போதும்.

எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு எண்ணெயே வேண்டாம். சிறிசில் பார்த்தால் காக்கை எச்சம்தான், பெரிசானால் இலைப்பச்சை. கையால் எடுத்துக் கொல்லை மூலையில் உள்ள வில்வத்தில் விட்டுவிடுகிறேன். அங்கேயும் தின்று வளர்கிறது, எனக்கும் மனசுக்கு நிம்மதி.

மஞ்சள் இலை விஷயத்தில்தான் கடைக்காரர் சொன்னது தவறாகப் போனது. "அக்கா, அதுக்கும் இதையே அடிங்க, சரியாயிடும்" என்றார். இரண்டு மாதம் அடித்தேன், ஒன்றும் மாறவில்லை. நரம்பு பச்சையாகவே இருந்து, நரம்புகளுக்கு நடுவே மட்டும் வெளிறியிருந்தது, அதுவும் புது இலையில். அது பூச்சி இல்லை, இரும்பும் துத்தநாகமும் போதாத குறை. எங்கள் போர்த் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூக்கும். அது சுண்ணாம்பு. அந்தத் தண்ணீர் பாய்ந்து சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், இரும்பு சல்பேட் 2.5 கிராம் கரைத்து இலையில் தெளித்த பிறகு, அடுத்து வந்த தளிர் பச்சையாக வந்தது. மஞ்சள் அடி இலையில், இலை முழுக்க ஒரே சீராக இருந்தால் அது தழைச்சத்துக் குறை. அதற்கு மக்கிய எரு வைத்தால் போதும்.

சொறி நோய்க்கும் வேப்பெண்ணெய் மருந்தாகாது. இலையின் இரண்டு பக்கமும் தக்கை போலத் தடித்த புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம், காயில் தடவினால் சொரசொரப்பு. அது பாக்டீரியா. மழை இல்லாத மாசியில் நோய்ப்பட்ட கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தை லிட்டருக்கு 3 கிராம் கலந்து தெளித்தேன். ஆனால் துளைப்பான் குடைந்த காயம் வழியாகத்தான் அந்தப் பாக்டீரியா சுலபமாக உள்ளே போகிறது. ஆகவே துளைப்பானைத் தடுத்தால் சொறியும் பாதி குறைகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பாட்டில் என் வீட்டில் எப்போதும் இருக்கும்.

ஒரு தடவைக்கு ஐந்து லிட்டர் கலவை, 50 மில்லி எண்ணெய் செலவு. ஒரு மரத்துக்கு ஒரு லிட்டர் தாராளமாக ஒரு வருஷம் வருகிறது. சித்திரை மழைக்குப் பிறகு வந்த தளிரில் இருபது இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மூன்றில்தான் கோடு. அடுத்த லிட்டருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், ஆட்டிய தேதியைப் பாட்டிலில் எழுதித் தரச் சொல்லி.