கார் பெயின்டுக்கும் உள்பகுதிக்கும் என்ன வாங்கலாம்? பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

கார் பெயின்டைப் பாதுகாக்க என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது துணி. வாக்ஸ், சீலன்ட், செராமிக் என்னும் பாதுகாப்புப் பூச்சுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு பாட்டில் பெயரை எதிர்பார்த்து வந்தவருக்கு இது சப்பென்று இருக்கும். ஆனால் வெயிலிலேயே நிற்கும் ஒரு கறுப்பு வண்டியைப் பல வருடங்களாக நானே கழுவிப் பராமரித்து வருகிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, பெயின்டில் விழும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை சாலையில் விழுவதில்லை, துடைக்கும் கையால்தான் விழுகின்றன.

காரணம் பெயின்டின் கனத்திலேயே இருக்கிறது. துருத்தடுப்பு அடுக்கு, பிரைமர், நிறம், மேலே நிறமில்லாத கிளியர் கோட் என எல்லாம் சேர்த்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். பளபளப்பும் புற ஊதாக் கதிரிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பும் அந்த ஓர் அடுக்கை நம்பித்தான் இருக்கின்றன. மெஷின் பாலிஷ் போடும்போது கீறல் மாயமாகப் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்து மட்டமாக்குகிறார்கள். போனது திரும்ப வராது. அதனால் வருடா வருடம் பாலிஷ் போட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

இருட்டிய பிறகு பானட்டுக்கு நேர் மேலே ஒரு டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் விழும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிந்தால், அவை ஸ்வர்ல் மார்க். காய்ந்த தூசியைத் துணியால் தட்டித் துடைத்ததன் விளைவு. தூசியில் இருக்கும் மணல் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது; துணியோடு சேர்ந்து அது இழுபடும்போது கோடு விழத்தான் செய்யும். இதை எந்தக் கோட்டிங்கும் முழுசாகத் தடுக்காது.

ஆகவே நான் முதலில் வாங்கச் சொல்வது இரண்டு பக்கெட், ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, தண்ணீரை உறிஞ்ச ஒரு பெரிய டவல். ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணைத் தளர்த்திவிட வேண்டும். அப்புறம் ஒரு பகுதியைக் கழுவியதும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும், சக்கரத்துக்குத் தனித் துணி. டவல் வாங்கும்போது அட்டையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் எவ்வளவு என்பது அது. பொதுவான துடைப்புக்கு 300, 400 போதும். பெயின்டில் ஈரம் எடுக்க 500-க்கு மேல் இருப்பதையே நான் பயன்படுத்துகிறேன். அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது. விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தாலே தண்ணீரைக் குடித்துவிடும்.

துணியைத் துவைப்பதிலும் கவனம் வேண்டும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டால் இழைகளில் ஒரு படலம் படிந்து, உறிஞ்சும் தன்மை போய்விடும். அதிக வெப்பத்தில் உலர்த்தினால் இழை நுனிகள் கெட்டிப்படும். தரையில் விழுந்த துணி அன்றைக்குப் பெயின்டைத் தொடவே கூடாது. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி.

ஷாம்புவில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பிஹெச் நியூட்ரல், அதாவது அமிலமும் காரமும் இல்லாதது என்று போட்டிருக்கும் கார் ஷாம்பு எதுவானாலும் போதும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு மட்டும் வேண்டாம், பூசியிருக்கும் வாக்ஸையும் சேர்த்து அது எடுத்துவிடும்.

சரி, இப்போது பூச்சுக்கு வரலாம். பூசுவதற்கு முன் பெயின்டைத் தொட்டுப் பாருங்கள். கழுவிய பிறகு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுப் பானட்டைத் தடவினால், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு எல்லாம் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள், மரப்பிசின், தார் எல்லாம் அதில் அடக்கம். இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவர் உண்டு. அடித்த சில நிமிடங்களில் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். நாற்றம் மூக்கைத் துளைக்கும், காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். மிச்சமுள்ளதை கிளே பார் என்னும் களிமண் மாதிரியான மென்மையான கட்டி எடுக்கும். கிளேயும் லேசாகக் கோடு போடக்கூடியதுதான், எனவே தேவைப்பட்டால் மட்டும், வழுக்கலுக்கு நிறையத் திரவம் அடித்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

வாக்ஸ், சீலன்ட், செராமிக் மூன்றையும் நான் இந்த வண்டியிலேயே பார்த்துவிட்டேன். பானட்டின் நடுவில் டேப் ஒட்டி, இடது பாதிக்கு கார்னவ்பா வாக்ஸ், வலது பாதிக்கு செயற்கைப் பாலிமரால் ஆன சீலன்ட் போட்டேன். கார்னவ்பா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. கறுப்பு நிறத்தில் அது தரும் ஆழம் தனி அழகு. பூசிய நாளில் எல்லோரும் இடது பக்கத்தைத்தான் பாராட்டினார்கள். ஆனால் வெயில் ஏற ஏற, இரண்டு மாதம் ஆவதற்குள் இடது பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் பரவத் தொடங்கிவிட்டது. வலது பக்கம் அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தாங்கியது. அதிலிருந்து எனக்கு சீலன்ட்தான். கழுவுவதும் பூசுவதும் பிடித்தமான வேலையாக இருந்தால் வாக்ஸ் நல்ல தேர்வு, நேரம் இல்லாதவர்களுக்கு அது சரிவராது.

செராமிக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் போவது இங்கேதான். சிலிக்கா அடிப்படையிலான இந்தப் பூச்சு கிளியர் கோட்டோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும், வருடக்கணக்கில் இருக்கும், அழுக்கு எளிதில் கழன்றுவிடும். இவை எல்லாம் உண்மை. ஆனால் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 9ஹெச், பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு, இது வேறு. 9ஹெச் என்பதால் கீறலே விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூச்சின் கனம் சாதாரணமாக ஒன்றிரண்டு மைக்ரான்தான்; சாலையில் தெறிக்கும் கல்லை அது தடுக்கவும் தடுக்காது. கல்லுக்கு உண்மையான பதில் பிபிஎஃப் என்னும் பாலியூரித்தேன் ஃபிலிம். அது 150 முதல் 200 மைக்ரான் கனம். வண்டி முழுக்க ஒட்ட முடியாவிட்டால் முன் பம்பர், பானட்டின் முன் விளிம்பு, பக்கக் கண்ணாடிகளின் கூடு, கதவுக் கைப்பிடிக் குழி ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டினாலே நல்ல பலன்.

செராமிக் போட்ட பிறகும் வேலை குறையும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் உருண்டையாக நிற்பது பார்க்க அழகு. அது உப்புத் தண்ணீராக இருந்து வெயிலில் அப்படியே காய்ந்தால், ஒவ்வோர் உருண்டையும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும். கால்சியமும் மக்னீசியமும் படிந்த கறை அது. புதுசாக இருக்கும்போது நீர் கலந்த வெள்ளை வினிகரில் போய்விடும், பிறகு உடனே தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரித்துவிடும். எனவே கடினத் தண்ணீர் உள்ளவர்கள் நிழலில் கழுவி, காய விடாமல் ஈரத்தை எடுத்துவிடுங்கள். பறவை எச்சமும் அப்படித்தான். அதன் அமிலம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெயிலில் இளகி விரிந்த கிளியர் கோட் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்த எச்சத்தின் வடிவத்திலேயே பதிந்துவிடுகிறது. டிக்கியில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் சுத்தமான துணியும் எப்போதும் கிடக்கட்டும். எச்சத்தைச் சுரண்டக் கூடாது. நனைத்து, சற்று ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுக்க வேண்டும்.

உள்பகுதிக்கு நான் வாங்கியவற்றில் மிக அதிகப் பலன் தந்தது எந்தத் திரவமும் இல்லை, முன் கண்ணாடிக்கு உள்ளே வைக்கும் வெயில் மறைப்புதான். அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் அது 48 டிகிரிதான். பிளாஸ்டிக் வெளிறுவதற்கும் வெடிப்பதற்கும் வெப்பமும் புற ஊதாக் கதிரும் சேர்ந்தே காரணம். வெயில் மறைப்பு இந்த இரண்டையும் குறைக்கிறது.

டேஷ்போர்டுக்குத் தண்ணீர் அடிப்படையிலான, புற ஊதாத் தடுப்பு உள்ள, பளபளக்காத மேட் பூச்சையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். 303 ஏரோஸ்பேஸ் புரொடெக்டன்ட் அந்த வகை, எனக்குத் திருப்தி. எண்ணெய்ப் பளபளப்புத் தரும் டிரெஸ்ஸிங்கை டேஷ்போர்டில் பூசினால் பகல் நேரத்தில் அது முன் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும். பிசுபிசுப்பில் தூசியும் ஒட்டும். ஸ்டியரிங், பெடல் மாதிரி வழுக்கக் கூடாத எதன்மீதும் எந்த டிரெஸ்ஸிங்கும் கூடாது.

லெதர் சீட் விஷயத்தில் கண்டிஷனரைவிடச் சுத்தம் செய்வதே முக்கியம். இன்றைய கார்களில் உள்ள லெதர் பெரும்பாலும் நிறமும் பாலியூரித்தேன் மேற்பூச்சும் ஏற்றியது. கண்டிஷனர் அதைத் தாண்டி ஆழமாக இறங்காது. வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, ஜீன்ஸ் சாயம் ஆகியவைதான் அந்த மேற்பூச்சைத் தின்னும். மென்மையான கிளீனரும் மிருதுவான பிரஷும் போதும். ரெக்சின் சீட்டுக்கும் இதே முறைதான்.

தொடுதிரைக்கும் வெயில் தடுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கும் அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், ஃபிலிமின் சாயமும் திரையின் மேற்பூச்சும் கெடும். கதவு ரப்பர் பீடிங்கை யாரும் கவனிப்பதில்லை. அது இறுகினால் மழைத் தண்ணீர் உள்ளே வரும், காற்றுச் சத்தமும் ஏறும். பெட்ரோலியம் ஜெல்லி தடவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஆனால் கதவுகளில் பெரும்பாலும் பயன்படும் இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர், பெட்ரோலியப் பொருள் பட்டால் உப்பிப்போகும். துடைத்துக் காயவைத்து, சிலிகான் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். பெயின்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்ட இடத்தில் அடுத்த பூச்சு ஒட்டாது.