விமானியின் தடுமாற்றத்தை ஆராய: சிமுலேட்டரா, சுழல் நாற்காலியா?

விமானிகளின் இடவுணர்வுத் தடுமாற்றத்தை, அதாவது விமானத்தின் சாய்வையும் உயரத்தையும் புலன்கள் தவறாக உணரும் நிலையை, இறுதியாண்டு ஆய்வாக எடுக்க விரும்பும் ராயபுரம், பெரம்பூர் பகுதி மாணவர்கள், மேசைக் கணினிச் சிமுலேட்டரை அமைப்பதா, அமர்ந்தவரைச் சுழற்றிச் சமநிலை உணர்வைச் சோதிக்கும் பாராணி சுழல் நாற்காலியைச் செய்வதா என்று தயங்குகிறார்கள். 1978 புத்தாண்டு இரவில், சாய்வு காட்டும் கருவி பழுதாகி, விமானி தடுமாறியதால் மும்பைக் கடலில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தோடு 213 பேரை இழந்த நாடு இது. மதிப்பெண்ணுக்காக மட்டும் எடுக்கும் தலைப்பு அன்று.

செலவு: சிமுலேட்டருக்குக் கணினி, திரை, ஜாய்ஸ்டிக் போதும். நாற்காலிக்குப் பாரிமுனையில் பேரிங் வாங்கி, பட்டறையில் ஆட்டமின்றிப் பொருத்த வேண்டும்.

உணர்வு: வேறுபாடு இங்கேதான் ஆழமானது. உட்காதின் அரைவட்டக் குழல்கள் சுழற்சியின் வேகமாற்றத்தையே உணர்கின்றன. சீராகச் சுழன்றுகொண்டே இருந்தால் சுமார் 20 விநாடிகளில் அந்த உணர்வு மங்கிவிடும், நிறுத்தியதும் எதிர்த்திசையில் சுழல்வதாகத் தோன்றும். கண்ணைக் கட்டி நாற்காலியில் அமர்ந்தவர் இதை அப்படியே அனுபவிப்பார். அசையாத சிமுலேட்டர் இதைத் தராது. ஆனால் சுற்றிலும் இருள் சூழ்ந்த ஓடுபாதையில் இறங்கும்போது உயரத்தைத் தவறாகக் கணிக்க வைக்கும் காட்சிப் பிழையை அதில்தான் உருவாக்க முடியும்.

அளவீடு: சிமுலேட்டர் சாய்வையும் உயரத்தையும் நொடிக்கு நொடி பதிவுசெய்யும். நாற்காலியில், அமர்ந்தவரின் சொல்லும், கட்டை அவிழ்த்ததும் தெரியும் கண் அசைவுமே சான்று.

பாதுகாப்பு: நாற்காலி குமட்டலைத் தரும், சுழலும்போது தலையைச் சாய்க்கச் சொல்லும் சோதனையை மருத்துவ ஆசிரியர் அருகில் இல்லாமல் செய்யவே கூடாது.

கருவிகளை நம்பி முடிவெடுக்கும் திறனை ஆராயும் பொறியியல் மாணவருக்குச் சிமுலேட்டரும், உட்காதின் இயக்கத்தை ஆராயும் உடலியல் மாணவருக்கு நாற்காலியும் பொருந்தும்.