ரிக்வயர்ஜேஎஸ்ஸுடன் ஷீட்ஜேஎஸ்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் அலுவலகக் கணக்குச் செயலி பழையது, இன்றும் ரிக்வயர்ஜேஎஸ்ஸில்தான் (ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தேவைப்படும்போது பக்கத்தில் ஏற்றித் தரும் லோடர்) ஓடுகிறது. அதில் எக்செல் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் பல வருடங்களாக ஷீட்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வைத்திருக்கிறோம். ஏஎம்டி என்ற மாட்யூல் முறையைப் பின்பற்றும் இப்படிப்பட்ட பழைய லோடரோடு இவ்வளவு ஒத்துப்போகும் நூலகங்கள் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்தான் அது. பல நூலகங்கள் தங்களைப் பெயரில்லாத மாட்யூலாக (தனியாக ஏற்றக்கூடிய நிரல் பகுதி) லோடரிடம் பதிவு செய்யும்; நமக்குப் பிடித்த பெயரில் அழைக்கலாம். ஷீட்ஜேஎஸ் அப்படியில்லை. ஏஎம்டி லோடர் இருப்பதைக் கண்டதும், சிறிய எழுத்தில் ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்ற பெயரிலேயே பதிவாகிவிடும். எந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு என்று லோடருக்குச் சொல்லும் பாத்ஸ் அமைப்பில் வேறு பெயர் கொடுத்தால் கோப்பு ஒழுங்காக இறங்கும், பிழைச் செய்தியும் வராது, கையில் கிடைப்பது மட்டும் அன்டிஃபைன்ட், அதாவது நூலகம் வந்து சேராது. தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமான பிழை இது. கோப்பின் பெயரில் கடைசியில் வரும் ‘.ஜேஎஸ்’ஸையும் எழுதக் கூடாது, லோடரே சேர்த்துக்கொள்ளும்.

ரிக்வயர்ஜேஎஸ் உள்ள பக்கத்தில், அதற்குக் கீழே ஷீட்ஜேஎஸ்ஸைச் சாதாரண ஸ்கிரிப்ட் டேகில் போட்டாலும் இதே காரணத்தால் சிக்கல். நூலகம் லோடரிடம் பதிவாகிக் காத்திருக்கும். பக்கம் முழுவதும் பயன்படுத்தக்கூடிய குளோபல் வேரியபிள் இருக்கும், அதன் உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டு வழியையும் கலக்காமல் இருப்பதே நல்லது.

முழுப் பதிப்பு சுருக்கப்பட்ட நிலையிலும் ஒரு மெகாபைட்டை நெருங்கும். அதனால் பக்கம் திறக்கும்போதே ஏற்றுவதில்லை. ‘எக்செலாக இறக்கு’ பட்டனை அழுத்தும்போதுதான் கேட்கிறோம். அடுத்த முறை அழுத்தினால் லோடரிடம் ஏற்கெனவே இருப்பது உடனே வரும். மெதுவான இணைப்பில் ரிக்வயர்ஜேஎஸ்ஸின் இயல்பான 7 விநாடிக் காத்திருப்பு போதவில்லை, கூட்டிவிட்டோம். மினி பதிப்பு அளவில் மிகச் சிறியது, ஆனால் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புகளைப் படிக்காது. எங்களுக்கு வரும் கோப்புகளில் அவை நிறைய, அதனால் முழுப் பதிப்பேதான்.

அப்புறம், பதிப்பு எண்ணைக் கட்டாயம் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்று தேடினால் கிடைப்பது 0.18.5, புதிய பதிப்புகளை ஷீட்ஜேஎஸ் தன் சொந்தத் தளத்தில்தான் தருகிறது. கோப்பைப் படிக்கும்போது வரக்கூடிய இரண்டு பாதுகாப்புக் குறைகள் 0.19.3-லும் 0.20.2-லும் சரிசெய்யப்பட்டன. வெளியார் அனுப்பும் கோப்புகளைத் திறக்கிற செயலியில் பழையதை விட்டுவைக்கக் கூடாது. நாங்கள் 0.20.3-ஐ எங்கள் சர்வரிலேயே வைத்திருக்கிறோம். மாற்றியபோது பாத்ஸில் ஒரு வரியைத் தவிர வேறெதையும் தொடவில்லை.