'அக்ரிலிக்'னு லேபிள் ஒட்டுன கிளியர் பாட்டில நம்பி ஹெல்மெட்ட நாசம் பண்ணிக்கிட்ட கதை

ரெண்டு மாசம் உக்காந்து செஞ்ச ஹெல்மெட் அரை நிமிஷத்துல போச்சுங்க. பாதி தப்பு என்னோட அவசரம், அத மறைக்கல. மீதி பாதி, கிளியர, அதாவது பெயிண்ட் மேல கடைசியா அடிக்கிற நிறமில்லாத பூச்ச, பெரிய கேன்ல வாங்கி சின்ன பாட்டில்ல ஊத்தி சொந்தமா லேபிள் அடிச்சு ஆன்லைன்ல விக்கிற ஒருத்தர் அளந்து விட்டது. அவர் பேரு வேணாம், ஆனா நடந்தத அப்படியே சொல்லிடறேன், வாங்கப் போறவங்க உஷாரா இருந்துக்கங்க.

அக்கா பையனுக்காக ஆரம்பிச்சது. 3டி பிரிண்ட் பண்ண ஹெல்மெட், பிஎல்ஏ பிளாஸ்டிக். பிரிண்ட் கோடு மறையற வரைக்கும் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்ச்சு, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. இதுலயே பாதி நாள் போயிடும், செஞ்சவங்களுக்குத் தெரியும். அப்புறம் லேக்கர் (காட்டமான சால்வென்ட்ல, அதாவது கரைப்பான்ல, கரைச்ச பெயிண்ட்) பிரைமர், அது மேல லேக்கர் சில்வர், ஏர்பிரஷ்ல, அதாவது காத்த வச்சு பெயிண்ட் தெளிக்கிற சின்ன கருவியில, அடிச்சேன். நெத்தியில ஒரு சிவப்பு பட்டை மட்டும் எனாமல்ல கையால போட்டேன். ஏன் எனாமல்னா அது மெதுவா காயும், பிரஷ் கோடெல்லாம் தானா சமமாயி கண்ணாடி மாதிரி ஆயிடும், தண்ணி பெயிண்ட்ல கையால அந்த ஃபினிஷ் கொண்டு வர எனக்கு இன்னும் வரல. இடுக்கு கோடுகளுக்கு கறுப்பு எனாமல் வாஷ், அதாவது நல்லா தண்ணியாட்டம் இளக்குன பெயிண்ட். இதுவரைக்கும் வரிசையில தப்பே இல்ல, லேக்கர் அடியில, எனாமல் மேல, அதான் எல்லாரும் செய்யறது. எனாமல கரைக்கிற டர்பன்டைன், ஒயிட் ஸ்பிரிட் எல்லாம் சாது, நல்லா காஞ்ச லேக்கர ஒண்ணும் பண்ணாது.

மிச்சம் இருந்தது மேல ஒரு கிளாஸ் (பளபளப்பு) கிளியர் கோட்டு மட்டும். என்கிட்ட இருந்த தண்ணி வார்னிஷ் தீந்து போச்சு, பையன் தெனமும் போன் போட்டு "மாமா முடிஞ்சுதா மாமா"ன்னு நச்சரிச்சுக்கிட்டு இருக்கான். அப்பத்தான் இந்த ஆளோட பாட்டில் கண்ணுல பட்டுச்சு, 'அக்ரிலிக் கிளாஸ் கிளியர், ஏர்பிரஷ் ரெடி, எல்லா பெயிண்ட் மேலயும் அடிக்கலாம்'னு போட்டிருந்துச்சு. சும்மா வாங்கிடல, கேட்டுட்டுத்தான் வாங்குனேன். "கீழ எனாமல் இருக்கு, கையால போட்டது, நாலு நாள் ஆச்சு, அது மேல அடிக்கலாமா?" வந்த பதில்: "அக்ரிலிக் தானே ப்ரோ, எது மேல வேணாலும் தைரியமா அடிங்க."

நானும் தைரியமா அடிச்சேன்.

முதல் கோட்டு பனி மாதிரி லேசா, ஒண்ணும் ஆகல. பத்து நிமிஷம் விட்டு ரெண்டாவது கோட்டு கொஞ்சம் ஈரமா விட்டேன், கிளாஸ் வரணும்னா அப்படித்தான் விடணும். சில்வர் பக்கம் பளபளன்னு வந்துச்சு, அட நல்ல சரக்கா இருக்கேன்னு மனசுக்குள்ள பாராட்டிக்கிட்டே நெத்திப் பட்டைக்கு வந்தா, அதோட ஓரத்துல சின்னதா ஒரு நெளிவு. தூசி முடியோன்னு லைட்ட கிட்ட கொண்டு போயி பாக்கறேன், நெளிவு நகருது. கண்ணு முன்னாடியே அந்த சிவப்பு சுருங்கி சுருங்கி உள்ள வருது, ரொம்ப நேரம் தண்ணில ஊறுன விரல் நுனி மாதிரி. கோடு கோடா எந்திரிச்சு, ரெண்டு எடத்துல விரிஞ்சு கீழ இருக்க சில்வர் தெரிஞ்சுச்சு. கறுப்பு வாஷ் வேற கரைஞ்சு, மேல அடிச்ச கிளியரோட கலந்து அழுக்குத் தண்ணி மாதிரி வழிஞ்சுச்சு. கைய வைக்கவும் முடியாது, தொடச்சா மொத்தமும் வந்துரும். சும்மா நின்னு வேடிக்கை பாத்தேன், வேற என்ன பண்றது.

தண்ணி அக்ரிலிக் இப்படி பண்ணவே பண்ணாது. அங்கயே சந்தேகம் வந்துருச்சு. ஏர்பிரஷ் கப்புல மிச்சம் இருந்தத கழுவலாம்னு தண்ணி ஊத்துனேன் பாருங்க, ஊத்துன மறு வினாடி வெள்ளை வெள்ளையா பிசின் மாதிரி திரண்டு நூல் நூலா ஊசியில சுத்திக்கிச்சு. லேக்கர் தின்னர் ஊத்துனதும் கடகடன்னு கரைஞ்சு போச்சு. முடிஞ்சுது கதை, பாட்டில்ல இருந்தது அசல் லேக்கர் கிளியர். வாசனையிலயே கண்டுபிடிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஆவி வடிகட்டுற மாஸ்க் போட்டுத்தான் எப்பவும் ஸ்ப்ரே அடிப்பேன், பாட்டில் மூடிய தொறந்ததே மாஸ்க் போட்டப்புறம்தான். நுரையீரல் பொழச்சுது, ஹெல்மெட் செத்துது. மாஸ்க்க கழட்டி மோந்து பாத்தா நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி மண்டையில ஏறுது.

இப்ப அந்த ஆள் கதைக்கு வாங்க. போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்புனேன். முதல் பதில் "நீங்க சரியா காய விடல ப்ரோ". சரி, நாலு நாள் எனாமலுக்குப் பத்தாது, ஒத்துக்கறேன், ஆனா அத சொல்லிட்டுத்தானே கேட்டேன்? அதோட தண்ணி கிளியரா இருந்திருந்தா நாலு நாளைக்கே இந்த கூத்து நடந்திருக்காது. ரெண்டாவது பதில்தான் உச்சம்: "லேபிள்ல பொய் எதுவும் இல்ல, அக்ரிலிக் தான் அது." எரிச்சல் என்னன்னா, ஒரு வகையில ஆள் சொல்றது உண்மை!

இந்த எடத்த கொஞ்சம் நிதானமா படிங்க. அக்ரிலிக்ங்கறது பெயிண்ட்ட பிடிச்சு வைக்கிற பிசினோட பேரு. அந்த பிசின் எதுல கலந்திருக்குங்கறத அந்த வார்த்தை சொல்லவே சொல்லாது. மாடல் பெயிண்ட் பிராண்டுகளயே எடுத்துக்கங்க: தண்ணியில கலந்தா வல்லேஹோ மாடல் கலர் மாதிரி தண்ணி பெயிண்ட். ஆல்கஹால் வகையறால கலந்தா தமியா அக்ரிலிக் மாதிரி. காட்டமான சால்வென்ட்ல கலந்தா அது லேக்கர், மிஸ்டர் கலர் அப்படித்தான், அதுக்குள்ளயும் அக்ரிலிக் பிசின்தான். கார் பட்டறையிலயும் அக்ரிலிக் லேக்கர்னு ஒண்ணு உண்டு. நல்ல கம்பெனிக்காரன் பாட்டில்லயே எந்த தின்னர்னு எழுதியிருப்பான். ஊத்தி விக்கிறவன் எழுத மாட்டான், ஏன்னா எழுதுனா ஏவாரம் பாதியாயிடும்.

நல்ல கம்பெனி பாட்டில்லயும் உஷாரா இருக்கணும், அது வேற விஷயம். தமியாவுல எனாமல், அக்ரிலிக் ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான், எக்ஸ்எஃப்-1னா ரெண்டுலயும் மேட் கறுப்பு. தின்னர்ல எக்ஸ்-20ன்னா எனாமலுக்கு, எக்ஸ்-20ஏன்னா அக்ரிலிக்குக்கு, ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆனா அது பாட்டில்ல தெளிவா போட்டிருக்கும், மாத்தி எடுத்தா நம்ம கண்ணு மேலதான் தப்பு.

ஏன் சுருங்குதுன்னா, லேக்கர் சால்வென்ட் பறந்ததும் காஞ்சிடும், அவ்ளோதான் அதோட வேலை. எனாமல் அப்படி இல்ல, சால்வென்ட் போனப்புறம் காத்துல இருக்க ஆக்சிஜன இழுத்து மெல்ல மெல்ல இறுகும், மேல தோல் கட்டியிருக்கும், தொட்டா ஒட்டாது, நாம காஞ்சிருச்சுன்னு நெனப்போம், உள்ள இன்னும் கொழகொழன்னு இருக்கும். கையால தடிமனா போட்டா வாரக்கணக்குல ஆகும். அது மேல லேக்கர் தின்னர் எறங்குனா தோல் ஊறி பெருசாகும், பக்கத்துல போக எடம் இல்ல, அதான் மேல எந்திரிச்சு மடியுது. முழுசா இறுகுன எனாமல் மேல லேக்கர பனி பனியா அடிச்சு தப்பிச்சவங்களும் இருக்காங்க, நான் அந்த விளையாட்டுக்கு வரல.

பணத்த திருப்பி கேட்டேன், பிளாக். அதுக்கு முன்னாடியே "தைரியமா அடிங்க"ன்னு சொன்ன மெசேஜ அழிச்சிருந்தாரு, நல்ல வேளை ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. விற்பனை தளத்துல புகார் குடுத்தேன், பாட்டில தொறந்துட்டதால ரிட்டர்ன் கிடையாதாம். தொறக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படிய்யா தெரியும்?

கமெண்ட்ட தோண்டிப் பாத்தா என்ன மாதிரி இன்னொருத்தர் புலம்பியிருந்தாரு. நாடகத்துக்கு தெர்மோகோல்ல பாறை செதுக்கி, தண்ணி பெயிண்ட் அடிச்சு, இதே கிளியர ஸ்ப்ரே பண்ணியிருக்காரு. பெயிண்ட் படாத எடத்துல எல்லாம் உள்ள எறங்கி தெர்மோகோல தின்னுடுச்சு, மேல பெயிண்ட் ஓடு மட்டும் நிக்குது, விரல் வச்சா உள்ள போகுது. அதுக்கும் அதே பதில்தான், "சரியா காய விடல".

இப்ப எந்த ஊத்தி விக்கிற பாட்டில் வந்தாலும் நான் முதல்ல பண்றது ரெண்டு சொட்டு தண்ணியில விடறது. கலங்கி பால் மாதிரி பரவுனா தண்ணி வகை. திரண்டு பிசினானாலோ, எண்ணெய் மாதிரி மேல மிதந்தாலோ தண்ணி சமாச்சாரம் இல்ல, எடுத்து ஓரமா வைங்க. ஏற்கனவே அடிச்சிருக்க பெயிண்ட் என்னன்னு தெரியலன்னா உள்பக்கம் ஒரு மூலையில காது குடையுற பட்ஸ்ல ஆல்கஹால் தொட்டு தேய்ங்க, கலர் வந்தா பெரும்பாலும் அக்ரிலிக். வரலன்னா ஒயிட் ஸ்பிரிட் தொட்டு தேய்ங்க, அதுல வந்தா எனாமல். அதுக்கும் அசையாம லேக்கர் தின்னருக்கு மட்டும் கரைஞ்சா லேக்கரா இருக்கும், இல்ல நல்லா இறுகுன எனாமலாவும் இருக்கலாம். எல்லாத்துக்கும் மேல, பழைய பிளாஸ்டிக் ஸ்பூன் ஒண்ணுல நம்ம மாடல்ல இருக்க அதே வரிசை, அதே நாள் கணக்குல அடிச்சு பாத்திருந்தா நான் இந்த பதிவே எழுத வேண்டியதில்ல. ஸ்பூன் மேசையிலதான் கெடந்துச்சு, சோம்பேறித்தனம்.

ஹெல்மெட் இப்ப எப்படி இருக்குன்னா, சுருங்குன பட்டைய உடனே தேய்க்கப் போயி உப்புத்தாள்ல பிசுபிசுன்னு அடைச்சுக்கிச்சு, அப்படியே மூணு வாரம் விட்டுட்டேன். இப்பத்தான் கல்லாட்டம் ஆயிருக்கு, 400 நம்பர் தாள்ல தேய்ச்சு எறக்கியாச்சு. இந்த தடவ சிவப்பும் லேக்கர்லயே, டேப் ஒட்டி ஏர்பிரஷ்ல. பையன் அந்த பாழாப்போன பட்டை போட்டோவ பாத்துட்டு "மாமா இது கெழவர் ஹெல்மெட்டா"ன்னு கேட்டான்.

அந்த ஆள் கடை இன்னும் ஓடுது. நேத்து பாத்தேன், அதே பாட்டில், லேபிள் மட்டும் புதுசு, 'பிரீமியம் அக்ரிலிக்'காம்.