640 பவுண்டை விழுங்கிய சுமேரியத் தாயத்து: வாங்க எண்ணுவோர் கவனத்திற்கு

பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற இறுதிப் பதில் இன்று காலைதான் வந்தது. ஆத்திரம் அடங்குமுன் எழுதிவிடுகிறேன். தொல்பொருள்களை ஏலம் விடும் ஓர் இணையதளத்தில், 'ஜெம்தெத் நஸ்ர் காலம், கி.மு. 3100–2900, தெற்கு இராக்' என்ற குறிப்புடன் வந்த, படுத்திருக்கும் காளை வடிவிலான வெள்ளைக் கல் தாயத்தை 640 பவுண்ட் கொடுத்து வாங்கினேன். முத்திரையாகவும் பயன்பட்ட அக்காலத் தாயத்துகளில் உள்ளதைப் போலவே, அடிப்பக்கத்தில் குழிகளால் அமைந்த விலங்குருவங்கள் இருந்தன.

விற்றவர் பேச்சிலேயே ஆளை மயக்குபவர். 'ஊர்' (Ur) என்ற பண்டைய சுமேரிய நகரில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை நடத்திய அகழாய்வைப் பற்றிச் சரளமாகப் பேசினார். 1968 முதல் இலண்டன் குடும்பம் ஒன்றின் சேகரிப்பில் இருந்ததாகக் கூறும் தட்டச்சுக் கடிதத்தின் நகலையும், பொன்னிற முத்திரையிட்ட சான்றிதழையும் கேட்காமலே அனுப்பினார். அக்கடிதத்தைப் படித்து முடித்த கையோடு பணத்தைச் செலுத்தினேன்.

கல் வந்ததும், கயிறு கோக்கும் துளையை லென்ஸில் பார்த்தேன். வில்லால் சுழற்றும் துரப்பணத்தைக் கொண்டு இருபுறமிருந்தும் துளைத்திருந்தால், துளை வாயில் அகன்று நடுவில் குறுகும். கயிறு உரசிய விளிம்பும் மழுங்கியிருக்கும். இதிலோ ஒரே அகலத்தில் நேராக ஓடும் துளை, கூர் மாறாத விளிம்பு, உள்ளே வெள்ளைக் கல்மாவு! ஐயாயிரம் ஆண்டுப் படிவாகக் காட்டப்பட்ட பழுப்பு, ஈரப்பஞ்சு பட்டதும் சாயமாக இறங்கியது.

புகார் செய்தபோது, 'எங்கள் நிபுணர் பரிசீலிக்கிறார்' என்றார்கள். பிறகு, 'படங்கள் தெளிவாக இல்லை'. அதன்பின், 'சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே'. அந்த நிபுணரின் கையொப்பமும் ரசீதில் விற்றவர் இட்ட கையொப்பமும் ஒன்றே. இந்த இழுத்தடிப்பிலேயே திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று தளத்தார் கைவிரித்தார்கள். 640 பவுண்ட் போனதற்கு, 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஒரு வரி வேறு.

விரிவான வழிகாட்டியாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை. துளையின் உட்புறப் படத்தைக் கேளுங்கள். விற்பவரே எழுதித்தரும் சான்றிதழை ஒதுக்குங்கள். அசலாகவே இருந்தாலும் ஆபத்துதான்: 1990 ஆகஸ்ட் 6-க்குப் பின் இராக்கிலிருந்து சட்டவிரோதமாக அகற்றப்பட்ட தொல்பொருள்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2003-இல் 1483-ஆம் தீர்மானத்தால் தடை செய்திருக்கிறது. அக்கடிதத்தில் 1968 என்று அடித்திருந்த சூட்சுமம் இப்போது புரிகிறது. அதே 'இலண்டன் குடும்பச் சேகரிப்பு' என்ற வரியுடன் ஓர் ஆட்டுக்கடாத் தாயத்து இப்போதும் அங்கே ஏலத்தில் கிடக்கிறது. யாரும் கை வைக்காதீர்கள்.