சொத்துப் பிரமாணப் பத்திரமா, வில்லங்கச் சான்றா?

விவாகரத்து நேரத்தில் கணவர் சொத்தை மறைக்கிறாரோ என்று சந்தேகமா? ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக, அதாவது உண்மை என்று உறுதிமொழி கொடுத்து எழுத்தில், தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது ஒரு வழி. பொய் சொன்னால் நடவடிக்கை உண்டு. சரி, பொய் என்று காட்ட நம் கையில் ஏதாவது வேண்டுமே!

அங்கேதான் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு நிலம், வீட்டின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், அவசர அவசரமாகத் தம்பி பெயருக்கு எழுதிய செட்டில்மென்ட் பத்திரம்கூடச் சிக்கும். என்ன, சர்வே எண்ணோ பத்திர எண்ணோ தெரியாவிட்டால் திண்டாட்டம்தான். டெபாசிட், தங்கம், பங்கு இதில் வரவே வராது, அதற்குப் பிரமாணப் பத்திரம்தான்.

நானாக இருந்தால் வீட்டில் இருக்கும்போதே பத்திரங்களைப் போனில் படமெடுத்து, வில்லங்கம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வக்கீலிடம் போவேன்.