பெயின்லெஸ் ஊசியா, பெண்டாவா? தொடை வீக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது

மனைவிக்குத் தாய்வீடு பொள்ளாச்சி, எங்கள் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை. மூத்தவளுக்கு முதல் மூன்று ஊசியும் பொள்ளாச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போட்டோம், 'பெயின்லெஸ்'. சின்னவனுக்கு இங்கே வந்த பிறகு, புதன்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் பெண்டாவேலன்ட், அதாவது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், மஞ்சள் காமாலை-பி, ஹிப் என்று ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. அன்று ராத்திரி அவன் இடது தொடை சிவந்து சுட்டது, தடவிப் பார்த்தால் உள்ளே நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி. விடிய விடிய அழுகை. மூத்தவளோ ஊசி போட்ட அன்றும் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். "காசு போனா போகுது, புள்ள அழல பாரு" என்றார் அம்மா.

இரண்டு ஊசிக்கும் வித்தியாசமெல்லாம் கக்குவான் இருமல் பாகத்தில்தான். பெண்டாவில் இருப்பது கொல்லப்பட்ட முழுக் கிருமி. பெயின்லெஸ்ஸில் அந்தக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த சில புரதங்கள் மட்டும். ஜப்பான் 1981-லேயே இதற்கு மாறிவிட்டது, அப்புறம் அமெரிக்காவும் பிரிட்டனும்.

சரி, பெயின்லெஸ்ஸில் காய்ச்சல் குறைவு. ஆனால் அந்தக் காய்ச்சலைத் தூண்டுகிற முழுக் கிருமிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் உடம்பின் எதிர்ப்பைத் தட்டி எழுப்புவதால், அதே சிரிஞ்சில் போகும் மற்ற மருந்துகளுக்கும் ஆதாயம். தொண்டை அடைப்பான் மருந்துக்கு முழுக் கிருமி பக்கபலம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி.

பெயின்லெஸ்ஸில் அதிகம் அடி வாங்குவது ஹிப் மருந்தின் பலன். ஹிப் என்பது கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தருகிற கிருமி. புரத வகையோடு ஒரே ஊசியில் கலந்து போட்டால், ஹிப்புக்கு எதிரான ஆன்டிபாடி தனியாகப் போட்டதைவிடக் குறைவாகவே உருவாகிறது. பிரிட்டனில் முழுக் கிருமிக் கலவை தட்டுப்பாடாகி, 2000-01-ல் பல குழந்தைகளுக்குப் புரதக் கலவை போட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஹிப் நோய் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். 2003-ல் தனியாக ஹிப் பூஸ்டர் போட வேண்டியதாயிற்று.

அதற்காகப் புரத வகை ஆகாது என்று சொல்லமாட்டேன். ஒன்றரை வயதில் ஹிப் பூஸ்டர் போட்டால் ஆன்டிபாடி நன்றாக ஏறிவிடும். எங்களைப் போல எல்லை தாண்டி மாறி மாறி ஊசி போடுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அரசு அட்டவணையில் 16 முதல் 24 மாதத்துக்குள் வருவது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான வெறும் டிபிடி பூஸ்டர், அதில் ஹிப் கிடையாது. பெண்டா மூன்றும் போட்ட பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு அது. பெயின்லெஸ்ஸில் தொடங்கி, பாதியில் அரசு அட்டவணைக்கு வந்தால் ஹிப் பூஸ்டர் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

என் ஓட்டு பெண்டாவுக்கு. கக்குவான் இருமலுக்கே புரத வகையின் காப்பு சீக்கிரம் கரைகிறது, பெண்டாவோ இலவசம். முன் டோஸில் வலிப்பு வந்த பிள்ளை என்றால் டாக்டர் சொல்வதுதான் முடிவு. காய்ச்சல் வருமோ என்று பயந்து முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்குச் சில ஊசிகளின் ஆன்டிபாடி குறைந்ததை 2009-லேயே காட்டிவிட்டார்கள். காய்ச்சல் வந்த பிறகு, எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்கலாம்.

மூத்தவளின் கார்டில் ஹிப் பூஸ்டருக்கு எதிரே காலியாக இருந்ததை, சின்னவனின் கார்டை எடுக்கப்போன அன்றுதான் கவனித்தேன். பாலக்காட்டுக்குக் கூட்டிப்போய், காசு கொடுத்துத் தனியாகப் போட்டுவந்தோம். அன்று அவளும் அழுதாள்.